டீச்சர் பதில்கள்: அஞ்சு பூ தொடர்ந்து பொய்ச்சா?

போன இதழ்ல கென்யா வறட்சி பத்தி ஒரு வாசகர் கேட்டதுக்கு நாலே வரில பதில் எழுதியிருந்தேன். அரிசி மூட்டை அனுப்புறது மட்டும் உதவி ஆகாது, அங்க உள்ள கிராமத்து ஜனங்க குழுவா சேர்ந்து செய்ற வேலைதான் குடும்பத்தைக் காப்பாத்துதுன்னு சொல்லியிருந்தேன். அதென்ன வேலை, விவரமா சொல்லுங்கன்னு கேட்டு நிறைய கடுதாசி வந்திருக்கு, அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே வச்சுட்டேன், சமையல் கேள்வி, வேலைவாய்ப்பு கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கிடணும்.

ஆப்பிரிக்கான்னாலே பாலைவனம்தானே டீச்சர், மழையே பெய்யாத ஊர்ல மனுசன் எதுக்கு குடியிருக்கணும்? வேற எங்கயாவது போக வேண்டியதுதானே?
விவசாயி, பூதப்பாண்டி

மழையே பெய்யாத ஊர் இல்ல அண்ணாச்சி. கென்யா, சோமாலியா, எத்தியோப்பியாவோட தெக்குப் பக்கம் இங்கெல்லாம் நம்மள மாதிரியே வருஷத்துக்கு ரெண்டு மழை. மார்ச்லேருந்து மே வரைக்கும் ஒண்ணு, அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு. கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு பூ, அதாவது ரெண்டு போகம், நெல்லு எடுக்கிற மண்ணுல இருக்கிற உங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 2020 அக்டோபர்ல தொடங்கி 2022 டிசம்பர் வரைக்கும் அங்க அஞ்சு மழை வரிசையா பொய்ச்சுப் போச்சு, 40 வருஷத்துல அப்படி ஒரு வறட்சி வந்ததில்ல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுல பேச்சிப்பாறை அணைத் தண்ணியும் இல்லாம அஞ்சு பூ தொடர்ந்து போச்சுன்னு வச்சுக்கிடுங்க, எத்தனை வீடு தாங்கும்?

ஒரு மழை பொய்ச்ச உடனே யாரும் பட்டினி கெடக்குறதில்ல. முதல் மழை போனா ரெண்டு ஆட்டை விப்பாங்க, சாப்பாடு மூணு வேளைலேருந்து ரெண்டு வேளை ஆகும். ரெண்டாவது மழையும் போனா ஊரே ஆட்டை சந்தைக்கு ஓட்டிட்டு வரும், அதனால ஆட்டு விலை விழும், அதே சந்தையில சோள விலை ஏறும், போன தடவ ஒரு ஆட்டை வித்தா வாங்கின சோளத்தை இப்ப மூணு ஆட்டை வித்தாலும் வாங்க முடியாது. அப்புறம் பொம்பளப் பிள்ளைங்க படிப்பு நிக்கும், ஆம்பளைங்க டவுனுக்கு வேலை தேடிப் போவாங்க, விதைக்குன்னு எடுத்து வச்சதும் உலைக்குப் போகும். கடைசில மழை வந்தாலும் விதைக்க விதை கிடையாது, உழ மாடு கிடையாது. இதுல சோமாலியாவுல சண்டையும் சேர்ந்துது. அவங்க வாங்குற கோதுமையில 90 சதவீதத்துக்கு மேல ரஷ்யா, உக்ரைன்லேருந்துதான் வந்துட்டு இருந்தது, 2022-ல அங்க போர் வந்ததும் அதுவும் விலை ஏறிப்போச்சு. அந்த ஒரு வருஷத்துல சோமாலியாவுல மட்டும் சுமார் 43,000 பேர் கூடுதலா இறந்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க, அதுல பாதி அஞ்சு வயசுக்குள்ள உள்ள குழந்தைங்க.

மழை பொய்க்கிறதுக்கும் குடும்பம் ஒடியறதுக்கும் நடுவுல சில மாசம் இடைவெளி இருக்கு. அந்த நேரத்துல கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் காசு, விக்காம வச்ச ஆடு இதுல ஏதாவது மிச்சம் இருந்தா குடும்பம் நிக்கும். அந்த இடைவெளிய எவ்வளவு நீட்ட முடியும்னுதான் நான் எல்லா உதவியையும் பாக்குறேன், கீழ உள்ள பதில்லயும் அதையேதான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன்.

என் சித்தி மக கென்யாவுல சிஸ்டரா இருக்கா. அவ இருக்கிற ஊர்ல மணல் அணை கட்டுறாங்களாம். மணலை வச்சு அணை கட்டினா தண்ணி நிக்குமா டீச்சர்? போன்ல கேட்டா எனக்கு ஒண்ணும் பிடிபடல.
வாசகி, குளச்சல்

அணை மணல்ல கட்டுறது இல்லம்மா, கல்லும் சிமெண்டும் வச்சுதான் கட்டுறாங்க. மணல் அணைக்குப் பின்னாடி வந்து சேரும். மச்சாகோஸ், மக்குவேனி, கிட்டுயின்னு தலைநகர் நைரோபிக்குக் கிழக்க உள்ள மாவட்டங்கள், கம்பா இன மக்கள் இருக்கிற இடம், அங்கதான் இது ரொம்பப் பிரபலம். அங்க ஆறுன்னா வருஷத்துல பத்து மாசம் வெறும் மணல் தடம், மழை நாள்ல மட்டும் செவசெவன்னு வெள்ளம் பாய்ஞ்சு ரெண்டு நாள்ல வடிஞ்சு போயிடும். அந்த ஆத்துக்குக் குறுக்க, அடியில பாறை இருக்கிற இடமாப் பாத்து, பாறை மேலேயே சுவர் எழுப்புறாங்க. வெள்ளம் வரும்போது கனமான மணல் சுவருக்குப் பின்னாடி தங்கும், லேசான களிமண் தண்ணியோட தாண்டிப் போயிடும். ஒண்ணு ரெண்டு மழைக்காலத்துல, சில ஆத்துல இன்னும் கொஞ்சம் கூடுதலா, சுவர் உச்சி வரைக்கும் மணல் நிரம்பிடும்.

இப்ப மேல நின்னு பாத்தா வெறும் மணல் மேடுதான். ஆனா மணலுக்கும் மணலுக்கும் நடுவுல உள்ள இடுக்கெல்லாம் தண்ணி, மொத்தக் கொள்ளளவுல 25 முதல் 40 சதவீதம் வரைக்கும் தண்ணியா இருக்கும். வெயில் மேல் மணலை மட்டும்தான் காய வைக்கும், ஆழத்துல உள்ள தண்ணி ஆவியாகாது, கொசு முட்டை போட முடியாது, மாடு எறங்கிக் கலக்க முடியாது. பொம்பளைங்க கையால மணலைத் தோண்டி ஒரு குழி எடுத்தா கொஞ்ச நேரத்துல அடியிலேருந்து தெளிஞ்ச தண்ணி ஊறி வரும், சிரட்டையால கோரி எடுக்கிற அளவுக்கு. சுவர் வழியா குழாய் வச்சு எடுக்கிறதும் உண்டு, கரையில கிணறு வெட்டி கை பம்பு போடுறதும் உண்டு. பக்கத்து நிலத்துலயும் நிலத்தடி தண்ணி ஏறுறதால கரையில கீரை, தக்காளி, மாங்கன்னு வைக்க முடியுது. முன்னாடி தண்ணிக்கு மட்டும் நாளுக்கு பல மணி நேரம் நடந்த பொம்பளைங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகுது, நான் இதைத்தான் பெரிய லாபம்னு சொல்லுவேன்.

யார் கட்டுறாங்கன்னு கேட்டா அந்தந்த ஊர்க் குழுதான். கம்பா மக்கள்ட்ட முறை வச்சு ஒருத்தர் வயலுக்கு இன்னொருத்தர் போய் வேலை செய்ற பழக்கம் முன்னாடியே உண்டு, ம்வெத்யான்னு சொல்லுவாங்க, அதுல பொம்பளைங்கதான் அதிகம். சிமெண்டும் கம்பியும் வெளியேருந்து வரும், கல்லு பொறுக்குறது, மணல் சுமக்கிறது, தண்ணி கொண்டு வர்றது எல்லாம் இவங்க. 1978-லேயே ஜோஷுவா முகுஸ்யான்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் உதூனிங்கிற கிராமத்துல குழு சேர்த்து இந்த வேலைய ஆரம்பிச்சார். தன் கையால சுமந்து கட்டின சுவர்ல விரிசல் விட்டா யாரும் பாத்துட்டு சும்மா போக மாட்டாங்க பாருங்க.

ஒரு ஆபத்தும் இருக்கு, நைரோபியில கட்டடம் கட்ட லாரி லாரியா ஆத்து மணலை அள்ளிட்டுப் போறாங்க. ஆத்து மணல் போனா பக்கத்துக் கிணத்துல தண்ணி எறங்கும்ங்கிறது குழித்துறைக்காரங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. மக்குவேனி மாவட்ட நிர்வாகம் 2015-ல மணலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டுது.

டீச்சரம்மா, வயல்ல கல்லை வரிசையா அடுக்கி வறட்சிய சமாளிக்கிறாங்கன்னு என் மவன் போன்ல காட்டினான். 30 வருசமா கொத்தனார் வேலை பாக்குறேன், கல்லு வச்சா தண்ணி வருமா?
கொத்தனார், தக்கலை

அண்ணாச்சி, இந்தக் கேள்விய நீங்க கேட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா அதுல உங்க கருவிதான் ஹீரோ. நீங்க மட்டம் பாக்க டியூப் லெவல் வச்சிருப்பீங்கள்ல, தண்ணி ஊத்தின அதே கண்ணாடி டியூப்.

மேற்கு ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோன்னு ஒரு நாடு, அதோட வடக்க யதெங்கா பகுதி. மண்ணு வெயில்ல வெந்து ஓடு மாதிரி இறுகிக் கெடக்கும், வருஷத்துக்கு ஒரே மழைக்காலம், பெய்ற மழையும் உள்ள எறங்காம மேல் மண்ணையும் வாரிட்டு ஓடிடும். கல்லை வரிசையா வச்சு தண்ணிய மறிக்கிறது அந்த மக்களுக்குப் பழைய வழக்கம்தான். ஆனா நிலம் பாத்தா சமதளம் மாதிரி இருக்கும், சரிவு நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான், கண்ணால மட்டம் பிடிக்க முடியாது, கல்லு வரிசை கொஞ்சம் கோணினாலும் தண்ணி ஒரு பக்கமா சேர்ந்து உடைச்சிட்டுப் போயிடும். 1979-க்கு அப்புறம் ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு அமைப்பு அங்க ஒரு திட்டம் நடத்தினப்ப விவசாயிங்க கையில கொடுத்தது ரெண்டு கம்பு, ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப், கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் ரெண்டு மூணு நாள்ல கத்துக்கிட்டாங்க. சம மட்டத்துல கல்லு வரிசை ஓடிச்சுன்னா தண்ணி நின்னு நிதானமா எறங்கும், சருகும் சாணியும் வண்டலும் வரிசைக்குப் பின்னாடி தங்கும். விலை கூடின கருவி எதுவும் இல்லாம இத்தனை பெரிய வேலை நடந்திருக்கு.

அதே பகுதியில யாகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி இருந்தார், 2023-லதான் இறந்தார். கோடையிலேயே, மழைக்கு முன்னாடியே, அந்த ஓடு மாதிரி மண்ணுல சாண் அகலத்துக்குக் குழி குழியா வெட்டி அதுல எருவைப் போட்டு வைப்பார். எருவுக்குக் கரையான் வரும், கரையான் மண்ணைத் துளைச்சு வழி போடும், மழை வந்ததும் தண்ணி அந்த வழியா உள்ள எறங்கும். ஸாய் குழின்னு பேரு, பழைய முறைதான், அவர் அதைப் பெருசா வெட்டி எருவும் சேர்த்து மேம்படுத்தினார். ஊர்க்காரங்க அவரைக் கிறுக்கன்னு சொன்ன காலம் உண்டு, அப்புறம் 2018-ல மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தாங்க.

நம்ம ஊரு மகளிர் குழு மாதிரி அங்கயும் இருக்கா அக்கா? பேங்க் கடன் குடுக்குமா?
குழுத் தலைவி, திருவட்டார்

இருக்கு, தங்கச்சி, ஆனா பேங்க் கிடையாது. நம்ம தமிழ்நாட்டுல குழுக்கள் 1989-ல தர்மபுரியில தொடங்குச்சுன்னு உனக்குத் தெரியும், கிட்டத்தட்ட அதே காலத்துல, 1991-ல, மேற்கு ஆப்பிரிக்காவுல நைஜர் நாட்டுல மராதி பகுதியில கேர்ங்கிற தொண்டு அமைப்பு பொம்பளைங்களைச் சேர்த்து ஒரு சேமிப்பு முறைய ஆரம்பிச்சுது. பேங்க் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தா, பாஸ்புக்கை வச்சு என்ன பண்ண, அதனால பேங்கையே ஒரு பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க.

இரும்புப் பெட்டி, அதுல மூணு பூட்டு. சாவி மூணும் மூணு வேற வேற பொம்பளைங்க கையில, பெட்டி நாலாவது ஒருத்தி வீட்டுல. வாராவாரம் மரத்தடியில 15, 20, 25 பேர் வட்டமா உக்காருவாங்க, மூணு பேரும் வந்தாத்தான் பெட்டி திறக்கும். எல்லாருக்கும் முன்னாடி காசை சத்தமா எண்ணணும். போன வாரம் பூட்டும்போது எவ்வளவு இருந்ததுன்னு எல்லாரும் மனசுல வச்சிருப்பாங்க, திறந்ததும் எண்ணி சரி பாப்பாங்க, கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதவங்களையும் ஏமாத்த முடியாது. அந்தக் காசுலேருந்து அவங்களுக்குள்ளேயே கடன், வட்டி திரும்ப பெட்டிக்கே. தனியா ஒரு சின்ன நிதியும் உண்டு, பிள்ளைக்கு காய்ச்சல், வீட்டுல சாவுன்னா அதுலேருந்து எடுக்கலாம். வருஷக் கடைசில பெட்டியக் காலி பண்ணி அவங்கவங்க சேமிப்பையும் வட்டிப் பங்கையும் பிரிச்சுக்கிட்டு, வேணும்னா மறுபடி ஒண்ணுலேருந்து தொடங்குவாங்க.

பிரிக்கிற நாளைக் குழுவே குறிக்கும். பழைய தானியம் தீர்ந்து புது அறுவடை வராத மாசங்கள் இருக்கே, நம்ம பாட்டிமார் ஆடி மாசத்தைப் பத்தி சொல்லுவாங்களே அந்த மாதிரி மாசம், அதுக்கு முன்னாடியோ விதைக்கிற நேரத்துக்கோ காசு கைக்கு வர்ற மாதிரி குறிக்கிறவங்க நிறைய. மேல சொன்னேன்ல இடைவெளின்னு, அதுல ஆட்டை விக்காம இருக்க வைக்கிறது இந்தக் காசுதான். நாடே வறண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்துல கஷ்டம் வந்தா பெட்டி மட்டும் போதாது, அதையும் சொல்லணும், அப்ப வெளியேருந்து உதவி வந்தே ஆகணும்.

பணமா குடுத்தா குடிச்சே தீர்த்துடுவாங்கன்னு எங்க ஹாஸ்டல்ல ஒரே சண்டை. கம்யூனிட்டி டெவலப்மென்ட்னு பேசுறதெல்லாம் வெள்ளைக்காரன் விட்ட கதைன்னும் ஒருத்தன் சொல்றான். நீங்க தீர்ப்பு சொல்லுங்க டீச்சர்.
கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

முதல் விஷயத்துல தீர்ப்பு ஏற்கனவே வந்தாச்சு தம்பி. 2014-ல உலக வங்கி ஆய்வாளர்கள் ரெண்டு பேர் பல நாடுகள்ல நடந்த 19 ஆய்வுகளை எடுத்துப் பாத்தாங்க, பணம் கொடுத்ததால குடிக்கோ புகைக்கோ செலவு கூடினதா தெரியல. ஏழைன்னாலே குடிப்பான்னு நாம நினைக்கிறதுதான் தப்பு. கென்யாவுல துர்கானா, மார்சபிட் மாதிரி வறண்ட வடக்கு மாவட்டங்கள்ல 2009-லேருந்து அரசாங்கமே ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியா பணம் போடுற திட்டம் இருக்கு. எத்தியோப்பியாவுல 2005-ல நம்ம 100 நாள் வேலை மாதிரியே ஒண்ணு வந்துது, வரப்பு கட்டுறது, குளம் வெட்டுறதுன்னு ஊர் வேலை செஞ்சா காசோ தானியமோ கிடைக்கும், லட்சக்கணக்கான குடும்பம் அதுல இருக்கு. கூலி லேட்டா வருதுன்னு புகாரும் நம்மூர் மாதிரியேதான், வறட்சியில லேட்டுன்னா அது சின்ன விஷயம் இல்ல, அதுக்குள்ள ஆடு வித்தாச்சு. 2015-ல கென்யா கொண்டு வந்த கால்நடை இன்சூரன்ஸ் இதுல ஒரு படி மேல, சேட்டிலைட்ல மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையா இருக்குன்னு பாத்து, மாடு சாகுறதுக்கு முன்னாடியே தீவனம் வாங்கப் பணம் போட்டாங்க.

ரெண்டாவது விஷயம், நீ இருக்கிற ஊரைப் பத்தியே உனக்குத் தெரியலையேன்னு இருக்கு. 1920-கள்ல ஒய்எம்சிஏ சார்பா ஸ்பென்சர் ஹேட்ச்னு ஒரு அமெரிக்கர் மார்த்தாண்டத்துல கிராம மறுசீரமைப்பு மையம் தொடங்கி, தேனீப் பெட்டி, கோழி, கூட்டுறவா முட்டை விக்கிறதுன்னு சொல்லிக்கொடுத்தார். ஆரம்பிச்சது வெளியாள்தான், ஆனா இன்னிக்கு மார்த்தாண்டம் தேன்னு பேர் இருக்குன்னா அது நம்ம ரப்பர் தோட்டத்துல பெட்டி தூக்கித் திரிஞ்ச குடும்பங்களால. 1990-கள் ஆரம்பத்துல வைரஸ் நோய் வந்து தேனீயெல்லாம் கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு, தொழிலே முடிஞ்சுதுன்னு இருந்தப்ப மிச்சம் இருந்த கூட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பெருக்கினதும் அவங்கதான். யார் ஆரம்பிச்சாங்கன்னு பாக்காத, அவங்க போனதுக்கு அப்புறம் யார் நடத்துறாங்கன்னு பாரு.

பழைய துணி நிறைய இருக்கு, அனுப்பலாமா?
வாசகி, இரணியல்

வேண்டாம்மா. கென்யா சந்தையெல்லாம் வெளிநாட்டுப் பழைய துணியாலதான் நிரம்பிக் கெடக்கு. இங்க பக்கத்துல தேவைப்படுறவங்களுக்குக் குடுங்க, கப்பல் செலவு மிச்சம்.

மரச்சீனி அங்கயும் உண்டாமே, வறட்சியில தாங்குமாமே, அப்ப பட்டினி ஏன்?
வாசகர், அருமனை

உண்டு, மரச்சீனின்னா மரவள்ளிக் கிழங்குதான், ஆப்பிரிக்காவுல கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் சாப்பாடு. நம்மூர்லயும் விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல பரப்பினது, ரெண்டாம் உலகப்போர்ல பர்மா அரிசி நின்னப்ப திருவிதாங்கூரையே காப்பாத்தினது. மழை கொறைஞ்சாலும் கிழங்கு மண்ணுக்குள்ள காத்திருக்கும், அது உண்மை. ஆனா ரொம்ப வறண்ட மேய்ச்சல் காட்டுல அது வராது. இன்னொண்ணு, கசப்பு ரகத்துல விஷம் உண்டு, வறட்சியில அது இன்னும் கூடும். நம்ம வீட்டுல வேக வச்சு தண்ணிய ஊத்திக் களையுறோம்ல, கசப்பு ரகத்துக்கு அது மட்டும் போதாது, ஊற வச்சு புளிக்க வச்சு நாள் கணக்குல காய வைக்கணும். 1981-ல மொசாம்பிக்ல வறட்சிப் பசியில அந்தப் பக்குவத்தை அவசரமா முடிச்சு சாப்பிட்டு, ஆயிரத்துக்கு மேல ஜனங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கும் குழந்தைங்களுக்கும், கால் விறைச்சு நடக்க முடியாமப் போச்சு. கான்சோன்னு அந்த நோய்க்குப் பேரு, வந்தா திரும்ப சரியாகாது. சாப்பாடு இருந்தும் பக்குவம் பண்ண நேரமும் தண்ணியும் இல்லாததால வந்த கொடுமை இது, எழுதும்போதே மனசு ஆறல.

நம்ம மாவட்டத்துல குளமெல்லாம் தூந்து ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. இதை விட்டுட்டு ஆப்பிரிக்கா பத்தி எதுக்கு டீச்சர் பக்கம் பக்கமா?
வாசகர், சுசீந்திரம்

உங்க கோபம் நியாயம். 2000-க்கு மேல குளம் உள்ள மாவட்டம் இது, எத்தனை குளம் பிளாட்டா மாறிச்சுன்னு நீங்களும் பாக்குறீங்க, நானும் பாக்குறேன். ஆனா அதுக்குப் பதிலையும் அங்கேருந்தே எடுக்கலாம். நைஜர்ல மரமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம்னு சட்டம் இருந்த வரைக்கும் விவசாயி தன் வயல்ல முளைச்ச மரத்தை வெட்டித் தள்ளினான், வளர்த்தா அவனுக்கு ஒண்ணும் இல்லையே. 1983 வாக்குல டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியர், புதுசா நட வேண்டாம், வெட்டின அடிக்கட்டையில துளிர்க்கிறதையே கழிச்சு விட்டு வளருங்கன்னு சொல்லிக்கொடுத்தார். மெதுவா, மரம் வளர்த்தவனுக்கேன்னு நடைமுறையும் மாறிச்சு. அப்புறம் சுமார் 50 லட்சம் ஹெக்டேர்ல மரம் திரும்ப வந்துது. அதுல ஒரு மரம், காவோன்னு அவங்க சொல்றது, மழைக்காலத்துல இலையெல்லாம் கொட்டிடும், அதனால பயிருக்கு நிழல் விழாது, கோடையில தழைக்கும், ஆட்டுக்குத் தீவனம் ஆகும். நம்ம குளத்துக்கும் முன்னாடி பாசனக்காரங்க சேர்ந்து மடை திறக்கிறது, தூர் வார்றதுன்னு பொறுப்பு இருந்துது, அது அவங்க கையை விட்டுப் போனதுலேருந்துதான் குளமும் போச்சு. உங்க ஊர் குளத்துப் பாசன சபை இப்ப கூடுதா? கூடுதுன்னா தீர்மானத்தை எழுதி அனுப்புங்க, இந்தப் பக்கத்துலயே போடுறேன்.

எங்க குடும்பத்துல வருஷா வருஷம் ஒரு தொகை தர்மத்துக்கு எடுத்து வைப்போம். இந்தத் தடவ ஆப்பிரிக்காவுக்குக் குடுக்கணும்னு ஆசை. யாரை நம்பி குடுக்க?
வாசகி, கருங்கல்

பேர் சொல்லி இவங்களுக்குக் குடுங்கன்னு நான் எழுத மாட்டேன்மா, ஆனா என்ன கேக்கணும்னு சொல்றேன். கிணறோ பம்போ போடுறாங்கன்னா, பழுதானா யார் சரி பண்ணுவாங்க, ஸ்பேர் பார்ட் எந்தக் கடையில கிடைக்கும், அதுக்கு ஊர்ல காசு சேர்க்கிறாங்களான்னு கேளுங்க. ஏன்னா சகாராவுக்குத் தெக்க உள்ள கிராமங்கள்ல கை பம்பு மூணுல ஒண்ணு ஓடாம நிக்கிற நிலைமை இருந்திருக்கு, போட்டோ எடுத்துத் திறப்பு விழா நடத்தினவங்க யாரும் அப்புறம் அந்தப் பக்கம் வரல. நம்ம நாட்டுல 1970-கள்ல உருவான இந்தியா மார்க் 2 பம்பு ஆப்பிரிக்கா பூரா போயிருக்கு, உறுதியானதுதான், ஆனா கழட்ட நாலஞ்சு பேரும் கனமான சாமானும் வேணும். அப்புறம் அஃப்ரிடெவ்னு ஒண்ணு வந்துது, ஒரே ஸ்பேனரை வச்சு ஊர்ப் பொம்பளைங்களே கழட்டி மாட்டுற மாதிரி. குழுவுல பொம்பளைங்க எத்தனை பேர், முடிவு எடுக்கிற இடத்துல இருக்காங்களா, சும்மா கல்லு சுமக்க மட்டுமான்னும் கேளுங்க. பணம் எப்ப போய் சேரும்னு கண்டிப்பா கேளுங்க. 2011-ல சோமாலியாவுல பஞ்சம்னு உலகம் அறிவிச்சது ஜூலை மாசம், அதுக்கு முன்னாடியே பல்லாயிரம் பேர் செத்தாச்சு, எச்சரிக்கை மட்டும் மாசக்கணக்கா வந்துட்டே இருந்துது. அதனால டிவியில எலும்பும் தோலுமா குழந்தையக் காட்டின பிறகு ஒரே தடவையா பெரிய தொகை குடுக்கிறதை விட, மழை நல்லா இருக்கிற வருஷத்துலயும் விடாம கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. மேல குளச்சல் வாசகி எழுதியிருக்காங்க பாருங்க, அந்த மாதிரி நம்ம மாவட்டத்துலேருந்து போன சிஸ்டர்மார், ஃபாதர்மார் ஆப்பிரிக்காவுல நிறைய பேர் இருக்காங்க, உங்க பங்குக் கோயில்ல விசாரிச்சா யாராவது ஒருத்தர் நம்பர் கிடைக்கும். முதல்ல அவங்ககிட்ட பேசி, அந்த ஊர்க் குழு என்ன கேக்குதுன்னு கேட்டுட்டு அப்புறம் தொகைய முடிவு பண்ணுங்க.